எத்தனை மூட்டை வெளியே போனது? ஒரு வீட்டு உள்வடிவமைப்பின் நிகழ்வு ஆய்வு

முதல் நாள் நான் போனபோது அந்த வீட்டு அம்மா ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தின் மேலே "சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார். கீழே வரிசையாக மூங்கில் தரை, மறுசுழற்சிக் கண்ணாடி டைல்ஸ், பச்சை முத்திரை குத்திய பலகையில் மாடுலர் கிச்சன், இயற்கை நார் சோபா, காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள் என்று பதினேழு இனங்கள். பதினேழுமே புதிதாக வாங்க வேண்டியவை.

அந்த நோட்டில் இருந்த அக்கறை உண்மையானது. அவருடைய ஆறு வயது மகளுக்கு இளைப்பு உண்டு. புதுப் பெயின்ட், புதுப் பலகை வாசனையில் கவனமாக இருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் தேடித்தேடிப் படித்திருந்தார். ஆனால் அவர் படித்த எல்லாமே எதை வாங்கலாம் என்றுதான் சொல்லியிருந்தன. எதை வாங்க வேண்டாம், எதை உடைக்க வேண்டாம் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. வீட்டு உள்வடிவமைப்பு வேலையில் பல வருடங்கள் இருந்துவிட்டு நான் அழுத்திச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் அதுதான். ஒரு வீட்டின் உள்வேலை சூழலுக்கு எவ்வளவு நல்லது என்று தெரிய வேண்டுமானால், உள்ளே வந்த பொருளின் முத்திரையைப் பார்ப்பதற்கு முன் வாசல் வழியாக வெளியே போன கழிவு மூட்டைகளை எண்ண வேண்டும்.

"மேடம், பட்டியலை அப்புறம் பார்க்கலாம். முதலில் இருப்பதை எண்ணிவிடலாம்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் சரி என்றார்.

வீட்டின் நிலை

பதினாறு வருடப் பழைய அடுக்குமாடி வீடு. ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை. புழங்கும் தரை சுமார் 800 சதுர அடி. கணவன், மனைவி, மகள், கணவரின் தாயார் என நான்கு பேர். தரை மொசைக். அழுக்கேறி மங்கியிருந்தது, ஆனால் ஒரு விரிசல் கிடையாது. சமையலறை அலமாரிகள் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை. சிங்க்குக்குக் கீழே இருந்தது தண்ணீர் குடித்து ரொட்டிபோல உப்பியிருந்தது. ஹாலின் மேற்கு ஜன்னல் மாலையில் உலை மாதிரி இருக்கும். பின் படுக்கையறையில் குளியலறையை ஒட்டிய சுவரில் கறுப்புப் பூஞ்சை. பாட்டியின் அறையில் எனாமல் பெயின்ட் அடித்த தேக்கு அலமாரி ஒன்று. "அதைத் தூக்கிப் போட்டுடலாம்னு சொல்றாங்க தம்பி" என்றார் பாட்டி, என்னைப் பார்க்காமல்.

இதற்கு முன் வந்து பார்த்த வேறொரு ஒப்பந்தக்காரர் தரை, அலமாரி, ஃபால்ஸ் சீலிங் எல்லாவற்றையும் உடைக்கத் திட்டம் கொடுத்திருந்தார்.

நான் ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கினேன். இருக்க வேண்டியதற்கு டிக், பழுது பார்க்க வேண்டியதற்கு வட்டம், போக வேண்டியதற்குப் பெருக்கல் குறி. குறி போடும் வேலையை மகளிடம் கொடுத்தோம். அரை நாள் ஆனது. முடிவில் பெருக்கல் குறி விழுந்தது சமையலறை அலமாரிகளுக்கும், நுரை நைந்த ஒரு மெத்தைக்கும், இன்னும் சில சில்லறைச் சாமான்களுக்கும் மட்டும்தான்.

தரை

மூங்கில் தரை அந்த அம்மாவின் பட்டியலில் முதல் இடத்தில் இருந்ததால் முதலில் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மொசைக்கும் அதன் அடியில் இருக்கும் கலவையும் சேர்ந்து இரண்டு அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால், 800 சதுர அடியை உடைத்தால் கிட்டத்தட்ட 8 டன் இடிபாடு வரும். அது முழுவதும் ஒரு லாரியில் ஏறி எங்கோ ஒரு பள்ளத்தில் கொட்டப்படும். மூங்கில் வேகமாக வளரும் செடி என்பது உண்மை. ஆனால் தரைப்பலகை ஆவதற்கு அது கீற்றுகளாகக் கிழிக்கப்பட்டு, பசையில் ஒட்டி அழுத்தப்பட வேண்டும். அந்தப் பசை என்ன பசை என்பதை விற்பவர்கள் தாமாகச் சொல்வதில்லை. டைல்ஸ் என்றால் சூளையில் சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வரை சுட வேண்டும். ஏற்கெனவே காலடியில் கெட்டியாகக் கிடக்கும் தரை இதில் எதையும் கேட்கவில்லை.

மெருகு இயந்திரம் வைத்து ஈரத்தேய்ப்பு தேய்த்தோம். மூன்று நாள் வேலை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேய்க்கும்போது வரும் சாந்துத் தண்ணீரைக் கழிவுக் குழாயில் ஊற்றிவிடுவார்கள். அது குழாய்க்குள் படிந்து கல்லாகிவிடும். நாங்கள் வாளிகளில் பிடித்து ஓர் இரவு தெளியவிட்டோம். மேல் தண்ணீரை அடுத்த நாள் தேய்ப்புக்கே பயன்படுத்தினோம். அடியில் நின்ற வண்டல் காய்ந்ததும் ஒரு மூட்டை. முதல் மூட்டை அதுதான்.

மூன்றாம் நாள் மாலை தரையில் ஜன்னலின் நிழல் தெரிந்தது. பட்டியலில் முதல் வரியை அந்த அம்மா தானே பேனாவால் அடித்தார்.

தேக்கு அலமாரி

எண்பது கிலோவுக்குக் குறையாது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். ஈரம் போக 70 கிலோ என்று கொண்டால் 35 கிலோ கார்பன். மரம் வளர்ந்த காலத்தில் காற்றிலிருந்து இழுத்த சுமார் 128 கிலோ கரியமில வாயு அந்த அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. எரித்தால் அவ்வளவும் ஒரே நாளில் திரும்பக் காற்றில். குப்பைமேட்டில் புதைந்து மட்கினால் அதில் ஒரு பங்கு மீத்தேனாகவும் வரும். பாட்டி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது கதவு இன்னும் சத்தம் போடாம மூடும் தம்பி" என்று மட்டும் சொன்னார். என் கணக்கைவிட அது நல்ல காரணம்.

ஆனால் பெயின்ட் எனக்குப் பயமாக இருந்தது. மேலே வெள்ளை, அதன் கீழே பழுப்பு, அடியில் அடர்ந்த மஞ்சள். பழைய எனாமல் மஞ்சளில் ஈயக் குரோமேட் என்ற ஈய நிறமி இருப்பது வழக்கம். ஒரு சுரண்டல் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். பெயின்டில் ஈயத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. எங்கள் துண்டு அதைத் தாண்டியிருந்தது. ஆக, இயந்திரம் வைத்து உலர உப்புத்தாள் போடுகிற பேச்சுக்கே இடமில்லை. அந்தத் தூசி குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு துளியும் பறக்கக் கூடாது. கதவுகளைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போய், பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து, முகமூடி போட்டு, ஈரப்படுத்தி ஈரப்படுத்திச் சுரண்டினோம். சுரண்டலை விரிப்போடு சுருட்டி இரட்டைப் பையில் கட்டி, அபாயக் கழிவாகத் தனியே ஒப்படைத்தோம். பழைய சாமானைக் காப்பாற்றுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லும் நான் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சோதிக்காமல் பழைய பெயின்டைத் தேய்க்காதீர்கள்.

மரம் வெளியே வந்ததும் ஆளிவிதை எண்ணெய் பூசினோம். அன்று ஒரு விபத்து நடக்க இருந்தது. பூசிய துணிகளைப் பையன் ஒருவன் சுருட்டி ஒரு தகர வாளியில் போட்டு மூடிவைத்துவிட்டான். நான்கு மணி வாக்கில் தச்சர் வாளியை நகர்த்தப் போய்க் கையை உதறினார். வாளி சுட்டது. திறந்தால் துணியின் நடுவில் பழுப்பேறி லேசாகப் புகை. ஆளிவிதை எண்ணெய் காய்வது என்பது ஆவியாவது அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாவது. அப்போது வெப்பம் வெளிவரும். விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் போய்விடும். சுருட்டிய துணியில் தங்கித் தங்கி, தானே தீப்பிடிக்கும் அளவுக்கு ஏறும். அன்று முதல் எண்ணெய்த் துணிகளைத் தண்ணீரில் நனைத்துத் திறந்தவெளியில் ஒவ்வொன்றாக விரித்துத்தான் காயவைக்கிறோம். இயற்கைப் பொருள் என்றால் ஆபத்தில்லாத பொருள் என்று நினைத்துவிடுகிறோம். அந்த வாளி என் கண்ணிலேயே நிற்கிறது.

சமையலறை

பழைய அலமாரிகள் போகத்தான் வேண்டும். அவற்றை மறுசுழற்சிக்கும் கொடுக்க முடியாது. மரத்தூளும் பசையும் மேலே ஒட்டிய லேமினேட்டும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்ட பொருள் அது. கீல்களையும் டிராயர் தண்டவாளங்களையும் மட்டும் கழற்றி வைத்துக்கொண்டோம்.

புதுப் பலகை விஷயத்தில் நான் அதிகம் பார்ப்பது பசையைத்தான். பார்ட்டிகிள் போர்டிலும், மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்-இலும் பெரும்பாலும் இருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு. வெப்பமும் ஈரமும் பட்டால் அது மெல்லச் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். சமையலறையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வகையில் சேர்த்தது. 2010-ல் உலக சுகாதார நிறுவனம் வீட்டுக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வழிகாட்டியது. தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் வழக்கமாக ஃபீனால் ஃபார்மால்டிஹைடு இருக்கும். பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் அந்தப் பிணைப்பு கெட்டியானது. அதிலிருந்து வெளிவரும் வாயு மிகக் குறைவு. ஆகவே அந்தப் பிளைவுட், அதுவும் குறைந்த உமிழ்வுச் சான்று உள்ளது, என்று முடிவு செய்தோம்.

ஆனால் நல்ல பலகையைவிடப் பெரிய லாபம் பலகையைக் குறைத்ததில் வந்தது. பாத்திரங்களை எல்லாம் தரையில் பரப்பச் சொன்னேன். போன ஒரு வருடத்தில் தொட்டதை ஒரு பக்கம், தொடாததை மறுபக்கம். தொடாத பக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது. அதில் பெரும்பாலானதை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மேல் வரிசை அலமாரி முழுவதும் தேவையில்லாமல் போனது. அந்த இடத்தில் பரணில் கிடந்த பழைய கட்டில் பலகைகளை இழைத்துத் திறந்த தட்டுகளாக மாட்டினோம்.

ஒட்டும் பசையில் தச்சருக்கும் எனக்கும் ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். அவர் கை பழகியது ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, கொஞ்சம் காயவிட்டு அழுத்தினால் உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் கரைப்பானில் டொலுயீன் போன்றவை இருக்கும். அந்த மண்டையைப் பிடிக்கும் வாசனை அதிலிருந்துதான்.

"வெள்ளைப் பசைன்னா ராத்திரி முழுக்கக் கிளாம்ப் போட்டு வைக்கணும் தம்பி. நாள் இழுக்கும்."

"இழுக்கட்டும் அண்ணே. நாலு நாள் கூடுதலா போட்டுக்குங்க. இதை மோந்துக்கிட்டு வேலை செய்யறது நீங்கதானே?"

கடைசி வாக்கியத்துக்கு அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் கூடுதலாக ஆறு கிளாம்ப் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்காரர்கள் பிறகுதான் அந்தக் காற்றில் குடிவருகிறார்கள். முதலில் சுவாசிப்பவர் தச்சர். இது நம் பேச்சில் அடிக்கடி விட்டுப்போகிறது.

பெட்டிகளைப் பசையால் மூடாமல் ஸ்குரூ போட்டு இணைத்தோம். பதினைந்து வருடம் கழித்து யாராவது கழற்றினால் பலகை முழுசாக வர வேண்டும். அறுத்த ஓரங்கள் அனைத்தையும் அடைத்தோம். வாயு அதிகம் கசிவது மூடாத அந்த ஓரங்களில்தான், தண்ணீர் முதலில் நுழைவதும் அங்கேதான். முடித்த பெட்டிகளைக் காற்றோட்டமான பால்கனியில் மூன்று வாரம் திறந்து போட்டுவிட்டு அப்புறம்தான் உள்ளே ஏற்றினோம்.

சுவர்: என் தவறு

பின் படுக்கையறைக்குச் சுண்ணாம்பு என்று நான் ஆசைப்பட்டேன். சுண்ணாம்பைச் சுடச் சுமார் 900 டிகிரி போதும், சிமென்ட்டுக்கு 1,450 டிகிரி வேண்டும். பூசிய சுண்ணாம்பு, சுடும்போது விட்ட கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப உறிஞ்சித்தான் கெட்டியாகிறது. அதன் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. எல்லாம் சரி. ஆனால் அந்தச் சுவரில் ஏற்கெனவே பிளாஸ்டிக் எமல்ஷன் இருந்தது. சுண்ணாம்பு பிடிக்க உறிஞ்சும் பரப்பு வேண்டும். எமல்ஷன் ஒரு தோல் மாதிரி மூடிக்கொண்டிருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், லேசாக உப்புத்தாள் போட்டு முரடாக்கினால் போதும் என்று பெயின்டரிடம் சொன்னேன். நேரம் மிச்சமாகும் என்ற எண்ணம். மூன்றே வாரத்தில் குழந்தையின் கட்டிலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு கழன்று தொங்கியது. விரல் வைத்தால் சுவர் முழுக்கப் பொருபொருவென்று உதிர்ந்தது.

மன்னிப்புக் கேட்டேன். திரும்பச் செய்ததற்கான செலவை நானே ஏற்றேன். இந்த முறை பூஞ்சை பிடித்த அந்த ஒரு சுவரை மட்டும், சோதித்து ஈயம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பூச்சு தெரியும்வரை சுரண்டி எடுத்தோம். சுரண்டியபோதுதான் உண்மையான காரணமும் தெரிந்தது. பூச்சு உள்ளே ஈரமாக இருந்தது. குளியலறைக் குழாயின் ஒரு முழங்கை இணைப்பு சொட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, சுவர் காய ஐந்து வாரம் விட்டு, பிறகு நீர்த்த சுண்ணாம்பு மூன்று கை. ஒழுக்கை விட்டுவிட்டு மேலே எதைப் பூசியிருந்தாலும் பூஞ்சை திரும்பியிருக்கும். நான் முதல் நாளே ஈரமானியை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

மற்ற சுவர்களுக்குத் தண்ணீரில் கரையும், ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் (காயும்போது காற்றில் கலக்கும் ரசாயனங்கள்) குறைந்த பெயின்ட். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் உட்சுவர் பூசும் பளபளப்பில்லாத நீர்ப் பெயின்டில் இவற்றுக்கு லிட்டருக்கு 30 கிராம் என்பது வரம்பு. இன்று அதற்கும் வெகு கீழே கிடைக்கிறது. டப்பாவில் போட்டிருக்கும் எண் அடிப்படைப் பெயின்டுக்கானது என்பதை மட்டும் கவனியுங்கள். அடர் நிறம் கேட்டால் அதில் கலக்கும் வண்ணக் கூழே அந்த எண்ணை ஏற்றிவிடலாம். நாங்கள் வெளிர் நிறங்களோடு நின்றுகொண்டோம். வெளிச்சமும் அதிகம் தெறிக்கும்.

வெயில், வெளிச்சம், செடி

மேற்கு ஜன்னலுக்குக் கனத்த திரை என்று பட்டியலில் இருந்தது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் திரையைச் சூடாக்கும், திரை அறையைச் சூடாக்கும். மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். வெளிப்பக்கம் சுருட்டி ஏற்றும் மூங்கில் தட்டி ஒன்று போட்டோம். முதல் மாலையே வித்தியாசம் தெரிந்தது. மூங்கிலை இப்படிப் பசையில்லாமல் பயன்படுத்தியதில் அந்த அம்மாவுக்கும் திருப்தி.

ஃபால்ஸ் சீலிங்கைத் தொடவில்லை. அதிலிருந்த பதினான்கு விளக்குகளில் ஐந்துதான் எரிய வேண்டியவை, மற்றவற்றின் ஓட்டைகளை அடைத்தோம். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். ஆனால் பல்பும் சட்டமும் ஒன்றாக வார்த்த விளக்குகளை நான் வாங்குவதில்லை. உள்ளே ஒரு சின்ன பாகம் போனால் மொத்தமும் குப்பை. பல்பைத் திருகிக் கழற்ற முடிகிற மாதிரிதான் போட்டோம். பழைய மின்விசிறிகள் 75 வாட் இழுப்பவை. அதிக நேரம் ஓடும் இரண்டை மட்டும் அதில் பாதிக்கும் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் (மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார்) விசிறிகளாக மாற்றினோம்.

செடிகள். அவை வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை 1989-ல் நாசா செய்த ஓர் ஆய்விலிருந்து பரவியது. அந்தச் சோதனை நடந்தது அடைத்த சிறு பெட்டிகளில். 2019-ல் அதுபோன்ற பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஜன்னல் திறந்து மூடுகிற சாதாரண வீட்டில் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும், ஆயிரம் வரைகூட வேண்டியிருக்கலாம். மகளுக்கு இரண்டு தொட்டிகள் வாங்கினோம், அவளுக்குச் செடி பிடிக்கும் என்பதற்காக. காற்றுக்கு, எதிரெதிர் ஜன்னல்களைக் காலையில் திறந்து வைப்பது என்று வழக்கம் செய்துகொண்டார்கள்.

ஒரு வருடம் கழித்து

போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புச் சுவர் வெள்ளையாக, காய்ந்து இருந்தது. கையில் லேசாக ஒட்டத்தான் செய்கிறது. அதனால் கட்டிலை ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். திறந்த தட்டுகளில் தூசி படிகிறது என்று மாமியாரும் மருமகளும் சேர்ந்தே சொன்னார்கள். நியாயமான குறை. அடுப்புக்கு அருகில் இருக்கும் தட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒட்டியிருந்தது. அங்கே மட்டும் ஒரு கதவு போட்டுக் கொடுத்தோம், கழற்றி வைத்திருந்த பழைய கீல்களில்.

சிங்க்குக்குக் கீழே குனிந்து பார்த்தேன். குழாய் வேலை செய்தவர் பிறகு வந்து பிளைவுட்டில் ஓர் ஓட்டை போட்டிருக்கிறார். அந்த வட்டத்தின் ஓரம் அடைபடாமல் விட்டுப்போய், விரல் நகம் அளவுக்கு உப்பத் தொடங்கியிருந்தது. உலர்த்தி, உரசி, அடைத்தேன். எத்தனை கவனமாக ஓரங்களை மூடினாலும் கடைசியாக வருபவரின் ஓட்டை ஒன்று இருக்கும். இப்போதெல்லாம் குழாய் வேலை முடிந்த மறுநாள் ஒருமுறை போய்ப் பார்க்காமல் வேலையை ஒப்படைப்பதில்லை.

அலமாரிக்கு இரண்டாம் முறை எண்ணெய் போட்டிருந்தார்கள், மகளும் பாட்டியும் சேர்ந்து. துணிகள் பால்கனிக் கொடியில் தனித்தனியாக விரித்துக் காய்ந்ததாக மகள் தானாகவே சொன்னாள்.

அந்த அம்மா நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். வெளியே போன மூட்டைகளை எண்ணி எழுதி வைத்திருந்தார். சாந்து வண்டல் 1, பெயின்ட் சுரண்டல் 2, சுவர்ப் பூச்சும் உதிர்ந்த சுண்ணாம்பும் 6, பார்ட்டிகிள் போர்டு 11, மற்றவை 3. ஆக 23. மெத்தை தனி. முன் பக்கத்துப் பதினேழு வரிகளில் நான்குதான் அடிக்கப்படாமல் இருந்தன. ஆறு மூட்டையில் ஒரு பகுதி என் அவசரத்தால் வந்தது. அதை அவர் குறிப்பிடவில்லை, நான் குறித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது பரணில் இருந்த ஒரு தகரப் பெட்டியை இறக்கிக் காட்டினார். மிச்சப் பெயின்ட் இரண்டு சிறு டப்பாக்களில், மேலே எந்த அறை, எந்தச் சுவர் என்று எழுதிய சீட்டு. ஒரு பொட்டலத்தில் கூடுதல் ஸ்குரூக்கள். நான்கு கீல்கள். கட்டில் பலகையில் மிஞ்சிய ஒரு முழத் துண்டு, அதன் மேல் சாக்பீஸில் மகள் போட்ட டிக் இன்னும் அழியாமல்.